மழை நாளின் அளவு

அறைந்த கை இன்னும் இறங்கவில்லை. சமையல் செய்யும் செங்கமலம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோர் தரையில் ஓடியது.

“உப்பு எங்க?” என்றார் சுவாமி. முகமெல்லாம் வியர்வை. வெளியே காலையிலிருந்து மழை.

அவள் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். முப்பது வருடம் அந்த மடத்தில் சமைத்தவள்.

ஏகாம்பரம் சுவாமியின் விரலில் ஊசி குத்தினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவாமியைவிட நான்கு வயது மூத்த சீடர். கருவி சர்க்கரை நாற்பத்திரண்டு என்று காட்டியது; ரொம்பக் குறைவு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்.

பத்து நிமிடத்தில் வியர்வை நின்றது. கண்களில் பழைய கனிவு வந்தது. அது வருவதை ஏகாம்பரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மோர் ஏன் கொட்டிக் கிடக்கு?”

“சாமி செங்கமலத்தை அறைஞ்சீங்க.”

“நானா?”

“உப்பு இல்லைன்னு.”

“உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர்தானே?”

“ஆமா. அவ அதைத்தான் செஞ்சா.”

சுவாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மடத்தில் ஒரு வழக்கம். பக்தர்கள் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலில் சுவாமி ஒரு கிள்ளு வாயில் போட்டால்தான் அது பிரசாதம். மறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அவர் யாரையும் மறுத்ததில்லை. சர்க்கரை நோயால் இடது காலில் இரண்டு விரல்கள் போன பிறகும் மறுக்கவில்லை. அதனால், வரப்போகிற பொங்கலுக்கும் சேர்த்தே இன்சுலின் போடப் பழகியிருந்தார் ஏகாம்பரம். இன்று மழை. ஒருவரும் வரவில்லை. ஆனால் ஏகாம்பரம் ஊசியின் அளவைக் குறைக்கவில்லை.

“தப்பு என்னோடது,” என்றார் ஏகாம்பரம்.

“பொங்கலை நம்பி ஊசி போட்டீங்க. மழையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்று சுவாமி சிரித்தார்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சாமி. உங்க சாந்தத்தைப் பார்த்துத்தான் பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு வந்தேன். பதினெட்டு வருஷம். இன்னிக்கு அது ஒரு டம்ளர் தண்ணியில திரும்பி வந்ததைப் பார்த்தேன். நான் எதைக் கும்பிட்டேன்?”

சுவாமி வாசலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

“செங்கமலம் பஸ் ஏறியிருக்க மாட்டா,” என்றார் சுவாமி. “போய்க் கூட்டிட்டு வாங்க.”

“என்ன சொல்லிக் கூப்பிட?”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“அடிச்சது சாமி இல்ல, சர்க்கரை குறைஞ்சதுன்னு சொல்வேன்.”

“சொல்லுங்க. நம்புவா.” சுவாமி தரையில் காய்ந்துகொண்டிருந்த மோரைப் பார்த்தார். “அப்ப முப்பது வருஷம் அடிக்காம இருந்தது யாருன்னு கேட்டா?”

எழுந்த ஏகாம்பரம் அப்படியே நின்றார்.

வாசலில் குடை மடக்கும் சத்தம். நனைந்த வேட்டியோடு பக்தர் ஒருவர் தூக்குவாளியைத் திறந்து சுவாமி முன் நீட்டினார். பொங்கலில் ஆவி பறந்தது. பிரசாதத்துக்குக் காத்து, வந்தவர் கண்களை மூடிக்கொண்டார்.

சுவாமி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஏகாம்பரம் குனிந்து ஒரு கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.