நாற்பது இலைக்குப் பரிமாற வந்த காரிமாறர்

முன்னொரு காலத்திலே பூவணை நாடு என்று ஒரு நாடு. அதை மகுடவர்மன் என்கிற ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அரண்மனைக்கு எதிரே பெரிய சத்திரம் கட்டி, "வந்த விருந்தாளி எவரும் முகம் வாடிப் போகக்கூடாது" என்று வாசலில் கல்வெட்டும் வைத்திருந்தான். அந்தச் சத்திரத்தின் தலைமைச் சமையற்காரிதான் வேம்பி. பெயர்தான் வேம்பு. அவள் கை பட்டால் பாகற்காயும் இனிக்கும்.

அவளோடு வேலையாட்கள் நாற்பது பேர். எல்லாருக்கும் மேலே காரிமாறர் என்ற அதிகாரி. ராசா வேறு யாரைப் புகழ்ந்தாலும் அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் ராசா வேம்பியின் ரசத்தைப் புகழ்ந்துவிட்டான். மறுநாளே காரிமாறர் சட்டம் போட்டார். வேலை நேரத்தில் ஒருவரும் உட்காரக்கூடாது. கடைசி விருந்தாளி கை கழுவும்வரை ஒருவாய்ச் சோறு தொடக்கூடாது. விருந்தாளியிடம் பேசக்கூடாது, ஆனால் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆட்கள் சிரித்தார்கள். பசியோடு சிரித்தார்கள். வழியில் எருது செத்துப்போய் அழுதுகொண்டே வந்தார் ஒரு வணிகர். அவரைப் பார்த்தும் நாற்பது பேரும் பல்லைக் காட்டினார்கள். மனுஷர் செம்பை வீசியெறிந்துவிட்டுப் போனார். இப்படியே ஒவ்வொருவராகக் கிளம்ப, ஒரு மாதத்தில் சத்திரத்துக்குச் சாப்பிட வந்தது காக்கை மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து மேல்நாட்டுத் தூதர் வருவதாக ஓலை வந்தது. ஆற்றுநீரைத் திறக்கும் மதகு மேல்நாட்டார் கையில். தூதர் மனம் குளிர்ந்தால்தான் பூவணையில் நாற்று நடலாம். அவரோ பத்து நாட்டு விருந்திலும் முகம் சுளித்தவர் என்று பேர் வாங்கியவர்.

ராசா சபையைக் கூட்டினான். "சத்திரம் ஏன் காலியாகக் கிடக்கிறது?"

"ஆட்கள் சரியில்லை, அரசே," என்றார் காரிமாறர். "சிரிக்கச் சொன்னால் அழுகிற மாதிரி சிரிக்கிறார்கள். எல்லாரையும் விரட்டிவிட்டு வேறு ஆள் வைப்போம். முதலில் அந்த வேம்பியை."

நாற்பது வீட்டு அடுப்பும் வேம்பியின் கண்முன் அணைந்தது. ஆனாலும் அவள் முன்னே வந்து கும்பிட்டாள்.

"ஐயா சொல்வது நிசம், மகாராசா. எங்களுக்கு உபசாரம் தெரியவில்லை. யாரும் செய்துகாட்டவில்லை, அதுதான் குறை. ஐயா உபசாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்."

"அது உண்மை," என்று காரிமாறர் மீசையை நீவிக்கொண்டார்.

"நாளைக்குத் தூதர் வருமுன்னே ஒரு வெள்ளோட்டம் விடலாம். ஆட்கள் நாற்பது பேரும் விருந்தாளியாக உட்காரட்டும். ஐயா தாம் போட்ட சட்டப்படியே, ஒற்றை ஆளாகப் பரிமாறிக் காட்டட்டும். நாங்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம்."

ராசாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "முடியுமா, காரிமாறரே?"

"இதென்ன பிரமாதம், அரசே. இடது கையால் செய்வேன்."

"வேண்டாம். பரிமாறுவதை வலது கையாலேயே செய்யுங்கள்," என்றான் ராசா.

மறுநாள் காலையிலிருந்து காரிமாறர் நின்றபடியே நின்றார், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. உச்சிவேளைக்குச் சற்று முன்னே பந்தி தொடங்கியது. முதல் ஐந்து இலைக்குப் புன்னகை அரும்பியது. பத்தாவது இலையில் தலைப்பாகை நழுவிக் குழம்பில் விழுந்தது. "ஐயா, இந்தப் பக்கம் உப்பு வரவில்லை" என்றான் வாயில் காக்கும் பெத்தையன். "ரசம் இன்னும் ஒரு கரண்டி" என்றாள் தண்ணீர் ஊற்றும் சிலம்பாயி. ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இருபதாவது இலையருகே வேம்பி மெல்லச் சொன்னாள், "ஐயா, சிரிப்பு குறைகிறதே."

காரிமாறர் வாளியை டம்மென்று வைத்தார். "பசி காதை அடைக்கிறது. இடுப்பு விட்டுப்போச்சு. இந்த நிலைமையில் எவனால் சிரிக்க முடியும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ராசாவின் சிரிப்பும் நின்றுபோனது.

"இவர்கள் எத்தனை நாளாக இப்படிச் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டான். "ஒரு மாதமாக, மகாராசா," என்றாள் வேம்பி. ராசா அங்கேயே அந்தச் சட்டங்களை ரத்து செய்தான். மீதி இருபது இலைக்கும் அவனே வாளியைத் தூக்கினான்.

பந்தி முடியவும் தூதர் வரவும் சரியாக இருந்தது. நாற்பது பேரும் வயிறு நிறைந்து, கை கழுவி எழுந்தார்கள். தூதர் கடுகடுவென்று உட்கார்ந்தார். அவர் ஒருபக்கமாகவே மெல்லுவதைச் சிலம்பாயி கவனித்தாள்.

"ஐயாவுக்கு வலப்பக்கம் பல்வலியா?"

தூதர் நிமிர்ந்து பார்த்தார். "இரண்டு வருஷமாக, அம்மா. போன இடமெல்லாம் முறுக்கும் கரும்பும் கொடுத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை."

சிலம்பாயி கிராம்பு கொண்டுவந்தாள். வேம்பி பருப்புச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து, நெய்விட்டு வைத்தாள். மூன்று நாள் தங்க வந்த தூதர் ஒன்பது நாள் தங்கினார். ஊர் திரும்பிய வாரமே மதகைத் திறந்துவிட்டார்.

ராசா சபையில் வைத்துச் சொன்னான், "காரிமாறர் இனிச் சத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவார். சிலம்பாயி சொன்னபடி கேட்பார். வேம்பிதான் சத்திரத்துத் தலைவி."

காரிமாறர் வேலைக்கு வந்த முதல் நாள் வேம்பி செம்பை நீட்டவில்லை, இலை போட்டாள். "முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஐயா." அவர் சாப்பிட்டு எழுந்து, தாமே போய்ச் செம்பை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராசா கேட்டபோது வேம்பி கேட்டது ஒன்றுதான். தினமும் மதியம் ஒரு நாழிகை, கதவைச் சாத்திவிட்டு ஆட்களெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும். தந்தேன் என்றான் ராசா.

பிறகு ஒருநாள் வேட்டையிலிருந்து ராசா அகோரப் பசியோடு திரும்பினான். ரசம் நினைவு வந்து நேரே சத்திரத்துக் கதவைத் தட்டிக் கூப்பிட்டான்.

உள்ளேயிருந்து பெத்தையன் குரல் கொடுத்தான். "ஆட்கள் சாப்பிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்."

"வந்திருப்பது யார் தெரியுமா?" என்று சேவகர்கள் வாளில் கை வைத்தார்கள்.

"குரலிலேயே தெரிகிறது. மகாராசா கொடுத்த உத்தரவு, நான் எப்படி மீறுவேன்?"

ராசா சேவகர்களைக் கையமர்த்திவிட்டு, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். கதவு திறந்ததும் முதல் இலை அவனுக்குத்தான் விழுந்தது. மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு அரண்மனைக்குப் போனவன், தன் சமையற்கட்டிலும் அதே நேரத்துக்குக் கதவைச் சாத்தச் சொன்னான்.