மஞ்சள் நூல் கட்டிய ஓலை

கல்விச்சாலையின் பழைய தலைமையாசானைச் சடையாண்டி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பலாச்சுளை தின்றுகொண்டே தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். மாதேவன் என்ற மாணவன் பதிலை வாயால் சொல்லச் சொல்ல, கிழவரே ஓலையில் எழுதினார். பிசின் ஒட்டி, ஓலை அவர் விரலோடு கிளம்பி வந்தது.

"பிறவியிலிருந்தே இவனுக்குக் கை நடுங்குகிறது, சடையாண்டி. மூளை நடுங்கவில்லையே" என்றார். அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அவர் இடத்துக்கு இடிக்காடர் வந்தார். வந்த அன்றே ஒரு விதி போட்டார். அவரவர் பதிலை அவரவர் கையாலேயே எழுத வேண்டும். யாருக்கும் சலுகை கிடையாது.

மாதேவனுக்கு அது கடைசித் தேர்வு. தேறினால் ஊர் வழக்குகளைத் தீர்க்கும் நடுவர் வேலை. தவறினால் கல்விச்சாலையிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அவன் எழுத்தாணியைப் பிடித்தால் ஓலை கந்தலாகிவிடும். குன்றைநாட்டு அரசர் செங்கோடவர்மரிடம் வந்து முறையிட்டான்.

"எல்லாருக்கும் ஒரே விதி என்கிறார். நியாயமாகத்தானே இருக்கிறது?" என்றார் அரசர்.

"நியாயம்தான் அரசே" என்றான் சடையாண்டி. அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவையில் அவன் வேலை. "ஆனால் அந்த விதிப்படி தாங்களே எழுதினாலும் தேறமாட்டீர்கள்."

"நானா? என்ன கேள்வி கேட்பார்கள்?"

"வருடா வருடம் கேட்பதுதான். பஞ்சம் வந்தால் அரசன் செய்ய வேண்டியது என்ன?"

அரசர் மீசையைத் தடவினார். "இரண்டு பஞ்சத்தைப் பார்த்தவனடா நான். முதல் ஆளாகத் தேறிக் காட்டுகிறேன்."

தேர்வன்று தூணோரம் பெரிய முண்டாசோடு ஒரு புது மாணவர் உட்கார்ந்திருந்தார். "வெளியூர்க்காரர், கொஞ்சம் வயதாகிவிட்டது" என்றான் சடையாண்டி. இடிக்காடர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கல்விச்சாலையில் ஓலையில் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டிக் கொடுப்பார்கள். முண்டாசுக்காரருக்கு மஞ்சள்.

பதில் அரசரின் நாக்கு நுனியில் இருந்தது. கைதான் மறந்துவிட்டது. இருபது வருடமாக அவர் சொல்வதையெல்லாம் அரண்மனை எழுத்தரான ஓலைநாயகம்தான் எழுதுகிறார். அரசர் பிடித்துப் பழகிய இரும்பு பாக்குவெட்டி ஒன்றுதான். எழுத்தாணி வழுக்கியது. 'ஏரி' என்று எழுதினார். நண்டு போல வந்தது. திருத்தினார்; இரண்டு நண்டு ஆயிற்று. நாழிகை முடிந்தபோது மூன்றாவது வரியில் நின்றார். கட்டைவிரல் வீங்கியிருந்தது.

மறுநாள் இடிக்காடர் இரண்டு ஓலைகளோடு அவைக்கு வந்தார்.

"இரண்டு பேர் தேறவில்லை அரசே. கறுப்பு நூல், மாதேவன். மஞ்சள் நூல், அந்த முண்டாசு. முண்டாசுக்கு மாதேவன் எவ்வளவோ மேல்."

"மஞ்சளுக்கு என்ன குறிப்பு எழுதினீர்கள், ஆசானே? கொஞ்சம் உரக்கப் படியுங்கள்" என்றான் சடையாண்டி.

இடிக்காடர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவன் மண்டையில் ஒன்றுமே இல்லை. இவனை நம்பி ஓர் ஆட்டைக்கூட ஒப்படைக்க முடியாது."

அரசர் வீங்கிய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

"நாட்டையே ஒப்படைத்திருக்கிறார்களே, ஆசானே" என்றார்.

இடிக்காடர் கையிலிருந்த ஓலை தானாக நடுங்க ஆரம்பித்தது.

"ஆசானுக்கும் கை நடுக்கம் வந்துவிட்டது போலிருக்கிறதே" என்றான் சடையாண்டி. அரசர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் மாதேவனை அழைத்தார். "பஞ்சம் வந்தால் அரசன் என்ன செய்ய வேண்டும்? வாயால் சொல்."

"முதலில் அரண்மனை நெற்களஞ்சியத்தைத் திறக்க வேண்டும், அரசே. பிறகு கூலிக்கு நெல் கொடுத்து ஏரிகளைத் தூர்வார வேண்டும்."

"நானும் இதைத்தான் எழுதினேன்."

"எழுதவில்லை அரசே, எழுதப் பார்த்தீர்கள்" என்றான் சடையாண்டி.

"சரி. ஓலைநாயகம் நாளை கல்விச்சாலைக்குப் போகட்டும். மாதேவன் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும்."

இடிக்காடர் மெல்லக் கேட்டார். "அது சலுகை ஆகிவிடாதா, அரசே?"

"எனக்கு அவர் தினமும் எழுதுகிறாரே, அதற்கு என்ன பெயர்?"



மறுநாள் ஓலைநாயகம் இல்லாததால் அரண்மனையிலிருந்து ஓர் உத்தரவும் வெளியே போகவில்லை. நாடு நன்றாகவே இருந்தது. மாதேவன் மூன்றாவதாகத் தேறினான். சடையாண்டிக்கு ஒரு ஜோடிக் கடுக்கன் கிடைத்தது.

மஞ்சள் நூல் கட்டிய ஓலை இன்னும் கல்விச்சாலையில் இருக்கிறது. அதில் இடிக்காடரின் குறிப்பை மட்டும் படிக்க முடிகிறது.