கீழாநெல்லிக்கு ஒரு மந்திரம்

“உங்க மந்திரத்துல ஒண்ணும் இல்லம்மா” என்றார் கோமதிநாயகம்.

இசக்கியம்மாள் உரலில் சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“சொல்லுங்க சார்.”

இங்கே சீடர் குருவைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர். அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆய்வகத்தில் இரண்டு குடுவைகளை உடைத்த பெண்தான் பிற்பாடு சித்த மருத்துவம் படித்து, மலையடிவாரத்தில் வைத்தியம் பார்க்கிறாள். ஓய்வு பெற்ற மறுமாதமே அவளிடம் வந்து, மூலிகை கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். அதற்குப் பெரிய மனசு வேண்டும். அது அவருக்கு இருந்தது. பொறுமைதான் கிடையாது.

முதல் பாடமே அவருக்குப் பிடிக்கவில்லை.

செடியைப் பிடுங்குமுன் அதன் எதிரே குந்தி உட்கார வேண்டும். தளிரில் தொடங்கி அடித்தண்டு வரை விரலால் தடவிவர வேண்டும். கீழாநெல்லி என்றால் ஒவ்வொரு காம்பையும் திருப்பி, இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும் காய்களைத் தொட வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டே மந்திரத்தை மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுவும் ஒவ்வொரு செடிக்கும்.

முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்.

“வீட்டுத் தொட்டியில கீழாநெல்லி வளர்த்தேன்” என்றார். “பாதிக்கு மந்திரம் சொல்லிப் பிடுங்கினேன். பாதிக்குச் சொல்லல. தனித்தனியா சாறெடுத்து, நம்ம பழைய ஆய்வகத்துலயே சோதிச்சேன். ரெண்டுலயும் ஒரே சத்து, ஒரே அளவு. கிருமி மேல விட்டுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்யுது. நூலளவு வித்தியாசம் இல்ல.”

“இருக்காது சார்.”

சண்டைக்கென்றே தயாராகி வந்தவர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

“அப்ப மந்திரம் எதுக்கு?”

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கட்டிலில் அவருடைய மனைவி பிரமு படுத்திருந்தாள். ஒரு வாரமாகக் கண்ணும் நகமும் மஞ்சள். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, ஓய்வும் பத்தியமும் போதும் என்று அனுப்பியிருந்தார்கள். கீழாநெல்லி குடித்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்து அவளே இங்கே வந்து படுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பகலில் படுத்து அவர் பார்த்ததில்லை. வெளியே சொல்லவில்லையே தவிர, அவருக்குப் பயமாக இருந்தது.

“அக்காவுக்கு மருந்து அரைக்கணும்” என்றாள் இசக்கியம்மாள். “வேலியோரம் கீழாநெல்லி நிறையக் கிடக்கு. மந்திரம் சொல்லி ஒரு கைப்பிடி, சொல்லாம ஒரு கைப்பிடி. தனித்தனிக் கட்டாக் கொண்டாங்க.”

மந்திரக் கட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

மற்றதற்கு மூன்று நிமிஷம். கொத்தாகப் பிடித்தார், இழுத்தார், மண்ணோடு சேர்த்துக் கட்டினார்.

“எந்தக் கட்டை அரைக்கலாம் சார்?”

“எதை வேணும்னாலும் அரைங்க. ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப மந்திரம் சொல்லாததையே அரைச்சிருவோம்.”

“எனக்கு ஆட்சேபணை இல்ல.”

“வேரோட சேர்த்துத்தான் அரைக்கணும். ஒவ்வொண்ணா மண் போக அலசிக் குடுங்க.”

கிணற்றடியில் மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

உள்ளேயிருந்து பிரமுவின் குரல் வந்தது. “இன்னுமா அரைக்கல? நாக்கெல்லாம் கசக்கு எனக்கு.”

“இந்தா, ஆச்சு.”

நாலைந்து செடிகளை அலசிப் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதே உயரம். அதே பச்சை. காம்புக்கு இருபுறமும் அதே போலச் சின்னச் சின்ன இலைகள். வேரில் மட்டும் ஒரு மண் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் விட்டு விரலால் தேய்த்தார்.

மண் கரைந்தது. உருண்டை கரையவில்லை.

சிவப்பாக இருந்தது. ஓரத்தில் கறுப்பு.

வெடித்து முளைவிட்ட குன்றிமணி.

அதன் விஷத்தைப் பற்றிப் பதினெட்டுப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதியவர் அவர். ஒரே ஒரு விதையை அரைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். விதையைச் சீசாவில் பார்த்திருக்கிறார், தூளாகப் பார்த்திருக்கிறார். மண்ணிலிருந்து முளைத்து வரும்போது அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

காம்பைத் திருப்பினார்; இலைக்கு அடியில் ஒரு காய்கூட இல்லை. செடி சட்டிக்குள் விழுந்தது.

நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். கீழாநெல்லிக்கு மேலே குன்றிமணிக் கொடி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அங்கேதான் தொங்கியிருக்கிறது.

இசக்கியம்மாள் சட்டியோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினாள். அவர் கையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு மந்திரக் கட்டை எடுத்து நீட்டினாள்.

வாங்கி அவிழ்த்தார். முதல் செடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு காம்பை மெல்லத் திருப்பினார்.

“அம்மா, மந்திரம் எத்தனை தடவைன்னு சொன்னீங்க?”

“மூணு தடவை சார்.”

“ஏழு தடவை சொன்னாத் தப்பில்லையே?”