முகம் மறக்காத எலிகள்

எலிகள் பழகிய முகத்தை மறப்பதில்லை என்று கண்டுபிடித்ததற்காக, மருத்துவக் கல்லூரி டீன் வைகுண்டநாதனுக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்தது. பாராட்டு விழாவும் ஏற்பாடானது.

எலிகளுக்குத் தீனி போடும் அமலோற்பவத்தை டீன் கூப்பிட்டார். “மேடையில என்னைப் பார்த்ததும் எலிங்க ஓடி வரணும். வரலைன்னா உனக்கு வேலை இல்லை!”

“சரிங்க சார்” என்றாள்.

விழாவில் டீன் எதிரே கூண்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். பன்னிரண்டு எலிகளும் டீனின் பூட்ஸைத் தாண்டி ஓடி, அவள் சேலையில் ஏறின.

“என் ஆராய்ச்சியையே பொய்யாக்கிட்டியே!” என்று டீன் கத்தினார்.

“நூத்துக்கு நூறு உண்மைன்னு நிரூபிச்சிருக்குதுங்க சார். மூணு வருஷத்துல ஒரு நாளாவது எலி ரூமுக்கு வந்திருந்தீங்கன்னா, உங்க முகத்தையும் மறந்திருக்காதுங்க.”

சிறப்பு விருந்தினர் சிரித்தபடி எழுந்து, டீனுக்கு வைத்திருந்த பொன்னாடையை எலிகளோடு சேர்த்து அமலோற்பவத்துக்குப் போர்த்தினார்.