சட்டைக்குள் காவல்

இன்னொரு கரண்டி சோப்புத்தூள் விழுந்தபோது மஞ்சள் சட்டை பக்கெட்டின் அடிக்குப் போயிருந்தது. அதன் மேல் பச்சைக் கவுன், அதற்கும் மேல் ஜட்டிகள், ஒரு துண்டு. எல்லாம் முகிலாவுடையவை. முகிலாவுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது.

அவளுடைய அம்மா வேணி கையை விட்டுக் கலக்கினாள். நுரை வரவில்லை. போர் தண்ணீர். தூத்துக்குடியில் அவர்கள் குடியிருந்த பக்கத்தில் பூமிக்கடியிலிருந்து வருவதெல்லாம் உப்புத்தான். வேணி டப்பாவைச் சாய்த்து மேலும் கொஞ்சம் தட்டினாள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போல ஒரு நுரை தெரிந்தது. அது போதாது என்று நினைத்தவளாகத்தான் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

"யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டபடி சோப்புத்தூள் கீழே இறங்கியது. விசாரணைக்கு வந்த அதிகாரியின் மரியாதை அதன் குரலில் இருந்தது.

"காலையில பாத்த ஆளுங்கதான் அண்ணாச்சி," என்றது மஞ்சள் சட்டை. "காஞ்சு, மடிச்சு, பாப்பா மேல ஏறி உக்காந்தேன். இட்லி ஊட்டி முடிக்கதுக்குள்ள கழட்டிப் போட்டுட்டாங்க."

"சரி. அழுக்கு எங்க?"

எல்லாரும் தங்களைத் தாங்களே புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். துண்டின் ஓரத்தில் மட்டும் பருப்புச் சாதத்தின் தீற்றல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அது தானே முன்னால் வந்தது.

"நான்தான். ஒரு கசக்குக் கசக்குனா போயிருவேன். எனக்கு இவ்வளவு பேரு வரணுமா?" என்று சொல்லிவிட்டு, யாரும் தொடுவதற்கு முன்பே கரைந்து போயிற்று.

ஜட்டிகள் தங்களை ஒவ்வொரு முறையும் துவைக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அதில் அவற்றுக்குக் கூச்சம் இல்லை. பச்சைக் கவுனுக்குத்தான் மனத்தாங்கல். ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் மடியில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை. காற்றாடத் தொங்கவிட்டிருந்தால் போதும், இப்படியே போனால் பாப்பாவுக்கு நான் பத்தாமல் போகும் முன்பே அடுப்படியில் கரித்துணி ஆகிவிடுவேன் என்று அது முனகியது.

சோப்புத்தூள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு போய் மஞ்சள் சட்டையின் காலர் மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டது. அங்கே ஏற்கெனவே அதன் ஆட்கள் இருந்தார்கள். காலையில் வந்தவர்கள், நேற்று வந்தவர்கள், அதற்கும் முன்னால் வந்தவர்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"அழுக்குதான் போயிருச்சே. நீங்களும் கிளம்பலாமே அண்ணாச்சி," என்றது சட்டை.

"நாங்க போனா அது திரும்பி வந்துரும்."

"அது வந்தே ரொம்ப நாளாச்சே."

"நாங்க இருக்கதாலதான வரல?"



வேணி திரும்பி வந்து கசக்கினாள். பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து அலசினாள். வீட்டில் நல்ல தண்ணீரும் உண்டு. அது மாநகராட்சிக் குழாயில் என்றைக்காவது வரும். குடத்தில் பிடித்து மூடி, குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள். துணிக்கு உப்புத் தண்ணீர்தான்.

உப்புத் தண்ணீர் உள்ளே வந்ததும் மஞ்சள் சட்டை அதைப் பிடித்துக்கொண்டது. காலரில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்படி கெஞ்சியது.

"நான் பாதாளத்துலேருந்து ரெண்டு கையிலயும் உப்பத் தூக்கிட்டு வாரேன்," என்றது உப்புத் தண்ணீர். "இதுல இவரை எங்க வைக்க? இடுப்புலயா?"

கைக்கு எட்டிய ஒன்றிரண்டு பேரை மட்டும் தள்ளிக்கொண்டு அது சாக்கடைக்குப் போனது. மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

வெயிலில் சட்டை அப்பளம் போல விறைத்தது. மாடியில் குடியிருந்த ஜெசிந்தா அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கொடி நிறையக் குழந்தைத் துணி.

"என்ன வேணி, எங்க மாதா கோயில்லயே வருசத்துக்கு ஒருதடவதான் கொடியேத்தம். உங்க வீட்ல தெனமும் ரெண்டு தடவையா?"

வேணி சிரித்து வைத்தாள். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

முகிலாவுக்கு உடம்பு ஊறியது. அரிப்பதை ஊறுது என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். துவைத்த சட்டையைப் போட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் கழுத்தில் வியர்க்கும். வியர்த்ததும் காலரில் உறங்கிக்கொண்டிருந்த சோப்புத்தூளின் ஆட்களுக்கு ஈரம் பட்டு விழிப்பு வரும். பணியில் அமர்த்தப்பட்டவர்கள் அல்லவா, விழித்ததும் வேலையைத் தொடங்குவார்கள். கழுத்தைச் சுற்றித் தேய்ப்பார்கள்.

"ஊறுதும்மா," என்று குழந்தை கழுத்தைப் பிறாண்டியது.

"அண்ணாச்சி, பாப்பாவுக்கு ஊறுதாம்," என்றது சட்டை.

"நல்லா ஊறட்டும். ஊறினாத்தான் வெளுக்கும்."

"அது அந்த ஊறுது இல்ல. பாப்பா அழுது."

சோப்புத்தூள் மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்தது. குழந்தையின் கழுத்துச் சிவந்து, பொரிப்பொரியாகத் தடித்திருந்தது. அது கவலையோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "பாத்தியா, அழுக்கு எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. எங்க ஆளு பத்தல."

வேணியும் அதையேதான் நினைத்தாள். அவளுடைய கணவன் சேர்மராஜுக்குத் துறைமுகத்தில் வேலை. சாப்பிட உட்கார்ந்தவன், காலையில் காய்ந்த துணி மறுபடியும் பக்கெட்டில் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"துணியத் துவைச்சே பிள்ளைய வளத்துருவ போல."

"நீங்க டூட்டிக்குப் போயிருதீங்க. பக்கத்துல படுத்துப் பாருங்க, அவ தூங்குதாளா பிறாண்டுதாளான்னு. சுத்தம் பத்தாமத்தான இப்படி வருது? நான் இதவிட வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

அவன் மகளின் சட்டையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தான். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கடையில் இருந்ததிலேயே பெரிய சோப்புத்தூள் பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி வந்தான்.

அதற்குப் பிறகு மஞ்சள் சட்டையின் காலரில் இடநெருக்கடி ஏற்பட்டது. கைமடிப்பிலும், பட்டன் பட்டையிலும், அடித்தையலிலும் ஆட்கள் குடியேறினார்கள். சட்டை கனத்தது. குழந்தையின் கழுத்திலிருந்து தடிப்பு முதுகுக்கு இறங்கியது. ஓரிடத்தில் பிறாண்டிப் பிறாண்டித் தோல் உரிந்து நீர் வடிந்தது. உரிந்த இடத்தைத் தொட நேரும்போதெல்லாம் சட்டை தன்னால் முடிந்த மட்டும் விலகி நின்றது. ஆனால் ஒரு சட்டையால் எவ்வளவு விலக முடியும்?

வேணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். போவதற்கு முன் துவைத்ததைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போனாள். அங்கே கூட்டம். டாக்டர் முதுகைப் பார்த்தார், களிம்பு எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்திக்கொண்டே, துணியெல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகு அந்தக் கேள்வி காதுக்குள் வேறு மாதிரி ஒலித்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பீரோவில் மடித்து வைத்திருப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து, தூளை இன்னும் கூட்டிப் போட்டு, முதலிலிருந்து துவைக்க வேண்டும்.

அவள் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது முற்றத்தில் மழை இறங்கியது. அந்த வருஷத்தின் ஐப்பசி மழை அன்றைக்குத்தான் தொடங்கியது.

முதல் துளிகள் மஞ்சள் சட்டையின் தோளில் விழுந்தன.

"யாரு?" என்று காலரிலிருந்து குரல் வந்தது.

"மழை."

"கையில என்ன கொண்டு வந்திருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் கொண்டு வராம ஒரு வீட்டுக்கு வருவாங்களா?"

"வீட்டுக்கு வரல. போற வழி. கூட வாரதுன்னா வாங்க."

சோப்புத்தூள் மடிப்பிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது. அந்த வீட்டில் யாரும் அதனிடம் அப்படிக் கேட்டதில்லை. வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா என்று கேட்டதில்லை.

"நாங்க ரொம்பப் பேரு," என்றது கடைசியில்.

"இருக்கட்டும்."

"பழைய ஆளுங்களும் உண்டு. நடக்க முடியாது."

"தூக்கிக்கிடுதேன்."

சோப்புத்தூள் சட்டையைப் பார்த்தது. முதல் தடவையாக அதன் குரலில் அதிகாரம் இல்லை. "நாங்க போன பிறகு அழுக்கு வந்துட்டா?"

"வந்தா கூப்பிடுதேன் அண்ணாச்சி," என்றது சட்டை.

காலரிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். பட்டன் பட்டையில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடித்தையலில் கூடி, சொட்டுச் சொட்டாகத் தரையில் குதித்தார்கள். பக்கத்தில் பச்சைக் கவுனிலிருந்தும் இறங்கினார்கள்.

ஆட்டோ நின்றது. வேணி குழந்தையைத் தோளில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள். வாசல்படியில் முகிலாவை நிறுத்தி, நனைந்த சட்டையைக் கழற்றி, துண்டால் துவட்டினாள். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் துணி எடுக்க முற்றத்துக்கு வந்தாள்.

சிமெண்டுத் தரையில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொடிக்கு நேர் கீழே மட்டும் அது வெள்ளையாக இருந்தது. நுரை. பக்கெட்டில் ஒரு நாளும் வராத நுரை. ஒரு துணிக்கு ஒரு குவியலாகச் சேர்ந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வடிகாலை நோக்கிப் போயிற்று.

அவள் மஞ்சள் சட்டையின் அடியைப் பிடித்துப் பிழிந்தாள். விரல் இடுக்குகளில் நுரை பிதுங்கியது. மறுபடியும் பிழிந்தாள். மறுபடியும் வந்தது.

"ஏ வேணி, எல்லாம் நனைஞ்சு போச்சு, இன்னும் எடுக்காம நிக்க?" என்று மாடி ஜன்னலிலிருந்து ஜெசிந்தா அக்கா கேட்டாள். சாரல் உள்ளே அடித்ததால் பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

வேணி துணிகளை எடுக்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றாள். பிழியப் பிழிய நுரை குறைந்தது. பிறகு வெறும் தண்ணீர் சொட்டியது. அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். சட்டை அவள் கையில் துவண்டு கிடந்தது.

வாசல்படியில் முகிலா வெறும் உடம்போடு நின்று, கையை நீட்டி நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேணி உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். துவைத்து, காய்ந்து, மடித்து அடுக்கியிருந்த துணிகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக உதறி, கொடியில் மிச்சமிருந்த இடத்தில், கொட்டுகிற மழையில் காயப்போட்டாள்.