வெள்ளை கலக்காத சிவப்பு

முதலில் ஒரு இருமல். அப்புறம் சற்று நேரம் ஒன்றுமில்லை. யாரோ விமானத்தின் மூக்கிலிருக்கும் மரவிசிறியைக் கையால் சுழற்றிவிட்டு விலகி ஓடும் காலடிச் சத்தம். மறுபடியும் இருமல். இன்னொன்று. பிறகு நீளத் துணியில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரே சீரான ஓசை.

அது மேலே ஏறி, மெலிந்து, கடல் பக்கமாகப் போயிற்று.

திரும்பி வரவில்லை.

"அந்தச் சத்தம் எனக்கு இன்னும் முடியலை தம்பி," என்றாள் உலகம்மை. "எந்த விமானம் போனாலும் எந்திரிச்சு ஓடுதேன். உக்காந்திருக்க முடியலை."

செல்வின் ஒரு மெல்லிய மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எவ்வளவு நாளா?"

"அண்ணன் போனதுல இருந்து. அப்போ எனக்குப் பாவாடை தாவணி. இப்போ வேலையில இருந்து ஓய்வே வாங்கியாச்சு."

வேலை கற்றுக்கொடுக்கும் குரு அவர். அவரை அவள் தம்பி என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்று தெரிந்ததும் அவர் அவளை டீச்சர் என்றார். இரண்டு பேருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

கைவிடப்பட்ட ஓடுபாதையின் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே செல்வினின் பட்டறை இருந்தது. ஒருகாலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம். இப்போது ஆடுகள் அதன் குறுக்கே போயின. வெயில் காலத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் அதில் மிளகாய் வத்தல் காயப்போட்டார்கள்.

செல்வின் மரத்தில் சிறிய விமானங்கள் செய்தார். அவரைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. சிலர் ஞானி என்றார்கள். சிலர் சோம்பேறி என்றார்கள், ஏனென்றால் வாங்க வந்தவர்களையே பாதி நேரம் வேலை செய்ய வைத்தார்.

உலகம்மை நின்றுகொண்டே தன் கதையைச் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் அண்ணன் நயினார் இதே ஓடுபாதையில் பறக்கக் கற்றவர். சிவப்பு விமானம். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, இரண்டுக்கும் நடுவே கம்பிகள். ஒரு காலையில் தனியாக ஏறிப் போனார். அவள் வேலியருகே நின்று பார்த்தாள். ஒன்றும் தெரியாமல் போகும்வரை பார்த்தாள். அதற்குப் பிறகும் பார்த்தாள். சாயங்காலம் இரண்டு பேர் வந்து அவளைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

அன்றிலிருந்து வானத்தில் எது இரைந்தாலும் கால் தானாக எழுந்தது. பள்ளி ஆய்வாளர் வந்த நாளில், பாடத்தின் நடுவே சுண்ணக்கட்டியோடு மைதானத்துக்கு ஓடினாள். கல்யாணத்தில், தாலி ஏறும் நேரத்தில் எழுந்தாள். மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளை சங்கரபாண்டியன் நின்றுகொண்டே போட்டார்.

அவர் கோபப்படவில்லை. அன்றைக்கே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சத்தம் கேட்கும்போதெல்லாம், அவள் மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொள்வார். பேச்சை நிறுத்தமாட்டார். சத்தம் போனதும் விடுவார். பல வருஷம் அப்படி ஓடியது.

சென்ற ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. விழுந்தது அந்த வலது கை.

"அதுக்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை," என்றாள்.

மார்கழியில் ஒரு மாலை. அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். விமானம் போயிற்று. கரண்டியை அவர் வாயிலேயே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்து வந்து அவரைப் புரட்டி முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் நீலமாகியிருந்தது.

நாத்தனார் காந்திமதி மதுரையிலிருந்து வந்து சேர்ந்தாள். கத்தவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"மதினி, உங்களைக் குறை சொல்லலை. ஆனா எங்க அண்ணன் உசிரு ஒரு ஏரோபிளேன் சத்தத்துல போயிரக் கூடாது. சித்திரை பிறந்ததும் நான் கூட்டிட்டுப் போயிருதேன்."

சங்கரபாண்டியன் கட்டிலிலிருந்து என்னவோ சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை.

"அதான் வந்தேன்," என்றாள் உலகம்மை. "அந்தச் சிவப்பு விமானம் ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி. வீட்டுக்குள்ளயே வச்சுக்கிடுதேன். உள்ளேயே இருந்தா வெளியே ஓட வேண்டாம்ல."

செல்வின் தேய்த்துக்கொண்டிருந்த மரத்துண்டை அவளிடம் நீட்டினார்.

"இது சிறகோட விலா. இன்னும் கொஞ்சம் மெலியணும்."

*

தை பிறந்தது. காலையில் காந்திமதி கட்டிலருகே உட்கார்ந்ததும் உலகம்மை பேருந்து ஏறிப் பட்டறைக்கு வந்தாள்.

விலாக்களைத் தேய்த்தாள். அவற்றை நீளக் குச்சிகளில் வரிசையாகப் பதித்து ஒட்டினாள். மேல் சிறகு ஒன்று, கீழ்ச் சிறகு ஒன்று. உடல் படகைப்போல இருந்தது.

பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குக் காலையில் ஒரு விமானமும் மாலையில் ஒன்றும் வரும். முதல்நாள் சத்தம் கேட்டு ஓடியபோது ஒரு விலா காலடியில் நொறுங்கியது. மறுநாள் பசை கவிழ்ந்தது.

"பசைய மூடிட்டு ஓடுங்க டீச்சர்," என்றார் செல்வின். "காஞ்சிரும்."

அதற்குப் பிறகு மூடிவிட்டு ஓடினாள். மூடி இறுக்கமான மூடி. அவள் வெளியே போய்ச் சேரும்போது விமானம் பாதி வானம் கடந்திருக்கும்.

சிறகுகளுக்கு நடுவே கம்பிக்குப் பதிலாக நூல் கட்டினார்கள். ஒன்றை இறுக்கினால் எதிரே உள்ளது தொய்ந்தது. அவள் அதையும் இறுக்கினாள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் சிறகு முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"யாரைக் கட்டிப்போட்டீங்க டீச்சர்?"

அவள் நூலை அறுத்தாள்.

மெல்லிய பட்டுத்துணியைச் சிறகின் மேல் போர்த்தி மெருகெண்ணெய் பூசினார்கள். கனிந்து அழுகப்போகும் வாழைப்பழத்தின் வாசனை எழுந்தது. உலகம்மை தூரிகையை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். நயினாரின் தலைமுடியில் அந்த வாசனை இருந்தது.

திரும்பி வந்து கேட்டாள்.

"இது பறக்குமா தம்பி?"

"பறக்காது. மரத்தைச் சின்னதாக்கிட்டோம். துணியைச் சின்னதாக்கிட்டோம். காத்தைச் சின்னதாக்க முடியலை."

*

பங்குனியில் நிறம் பூசும் வேலை வந்தது.

உலகம்மை புடவைப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அளவு. விமானத்துக்குப் பழைய துணியை உரித்துப் புதிது போர்த்தியபோது, நயினார் அவளுக்காக வெட்டி எடுத்து வந்த துண்டு. வெளிச்சம் படாமல் இருந்ததால் சிவப்பு அப்படியே இருந்தது.

அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தாள். செல்வின் வெள்ளைச் சாய டப்பா ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"எங்க அண்ணன் விமானத்துல வெள்ளை கிடையாது," என்றாள்.

"உண்மைதான்," என்றார். டப்பாவை எடுக்கவில்லை.

பூசி, காய்ந்ததும், துணியைச் சிறகின் மேல் வைத்துப் பார்த்தாள். துணி எங்கே முடிகிறது, சிறகு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம்.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். முகம் வாடியது.

சுரண்டினாள். மறுபடியும் கலந்தாள். பூசினாள். அதே பொருத்தம். மறுபடியும் தள்ளி நின்று பார்த்தாள். கனமாக, கறுத்து, பொம்மைக் கடையில் தொங்குவதுபோல இருந்தது.

சுரண்டினாள்.

வீட்டில் காந்திமதி அண்ணனின் வேட்டிகளை மடித்துப் பையில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். மதுரையில் கட்டில் கூட வாங்கியாகிவிட்டது என்று சொன்னாள். சங்கரபாண்டியன் அந்தப் பையைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த காலை உலகம்மை விமானத்தை மேசையில் ஓங்கி வைத்தாள். ஒரு நூல் அறுந்தது.

"அளவு சரி. நிறம் சரி. ஆனா இது அது இல்லை. எங்கே தப்பு? நாள் இல்லை தம்பி எனக்கு. சித்திரை வந்துட்டு."

செல்வின் அறுந்த நூலை முதலில் கட்டினார். பிறகு வாசலுக்கு வந்து ஓடுபாதையின் கோடியைக் காட்டினார்.

"அங்கே என்ன காயுது?"

"வத்தல்."

"என்ன நிறம்?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெயிலில், தூரத்தில், தரையில் ஒரு வெளிறிய பட்டை கிடந்தது.

"சிவப்பு."

"தெரியுதா? தெரியும்னு சொல்லுதீங்களா?"

அவள் மறுபடியும் கண்ணைச் சுருக்கினாள்.

செல்வின் உள்ளே போய் விமானத்தை எடுத்து வந்தார். ஓடுபாதையில் இறங்கினார். பழைய வேலியில் ஒரே ஒரு சிமெண்ட் தூண் மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் அவளை நிற்கச் சொன்னார்.

"நான் நடந்து போறேன். அண்ணனைக் கடைசியாப் பார்த்தப்போ என்ன நிறமோ, அந்த நிறம் வரும்போது கையைத் தட்டுங்க. நின்னுருதேன்."

விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவள் பார்த்தாள்.

கொஞ்ச தூரம்வரை அது துணித்துண்டின் சிவப்பாகவே இருந்தது. கனமான சிவப்பு. இது இல்லை.

பிறகு கனம் குறைந்தது. பலமுறை துவைத்த தாவணியின் சிவப்பு. இது இல்லை. ஆனால் இதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் நடந்துகொண்டே இருந்தார். சிறகுகளுக்கு நடுவே இருந்த நூல்கள் மறைந்தன. இரண்டு சிறகும் ஒன்றாயின. வத்தல் காயும் இடத்தைத் தாண்டினார். ஆடுகள் விலகி வழிவிட்டன.

இப்போது நிறமே இல்லை. வெளிச்சத்தில் ஒரு சாம்பல் கீற்று. அப்புறம் ஒரு புள்ளி.

உலகம்மை ஒரு அடி முன்னே வைத்தாள்.

இதுதான்.

கையைத் தட்டினாள்.

அவர் நிற்கவில்லை.

பலமாகத் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. "தம்பி" என்று கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவர் போய்க்கொண்டே இருந்தார். ஓடுபாதையின் கோடியில் கானல் நெளிந்தது. புள்ளி அதற்குள் போயிற்று.

அவள் இமைத்தாள். ஒன்றுமில்லை.

கைகள் உயர்ந்தபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு கைகளை இறக்கினாள்.

தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, சூடான தாரின் மேல் உட்கார்ந்தாள்.

*

வெகு நேரம் கழித்து செல்வின் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. விமானத்தை அவள் மடியில் வைத்தார். சிறகு வெயில் பட்டுச் சுட்டது.

"தட்டினீங்களா?"

"தட்டினேன். நீங்க நிக்கலையே."

"அவ்வளவு தூரம் கேக்காது டீச்சர்."

ஒரு ஆடு வந்து அவள் முந்தானையை மோந்துவிட்டுப் போயிற்று.

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். பட்டறைக்குள் போனாள். சிவப்பைச் சுரண்டினாள். புதிதாகக் கலக்கிவைத்துக்கொண்டு, வெள்ளை டப்பாவைத் தன் கையாலேயே திறந்தாள்.

"எவ்வளவு விடணும்?"

"எங்கே நின்னு பார்க்கீங்களோ, அதுக்குத் தக்க."

முதலில் ஒரு சொட்டு விட்டாள். கலக்கினாள். பார்த்தாள். இன்னும் விட்டாள்.

மேல் சிறகு முடிந்து கீழ்ச் சிறகுக்கு வந்தபோது மாலை விமானம் வந்தது. முதலில் தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. பிறகு சத்தம் தலைக்கு மேலே நிறைந்தது.

தூரிகை நின்றது.

செல்வின் பழக்கத்தில் மூடியைத் தேடினார்.

"மூடி வேண்டாம் தம்பி," என்றாள் உலகம்மை. தூரிகை மறுபடியும் நகர்ந்தது, விட்ட இடத்திலிருந்து, சிறகின் நுனிவரை.

சத்தம் மேலே ஏறி, மெலிந்து, போயிற்று.

*

அந்த வாரம் முழுவதும், மாலை விமானம் வரும் நேரத்தில், கஞ்சிக் கிண்ணத்தைக் காந்திமதி மதினியிடமே கொடுத்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து கவனித்தாள். ஒருநாள் விமானம் போய்முடிந்ததும், எழுந்து போய், பையிலிருந்த வேட்டிகளை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள்.

சித்திரையில் வண்டி வந்தது. காந்திமதி மட்டும் ஏறிப்போனாள்.

சங்கரபாண்டியன் அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி மழை பார்த்தார். கடைசிவரை உலகம்மை கையால்தான் சாப்பிட்டார்.