கூடத்தில் தொங்கிய படகு

மலை மேல் இருந்த ஓர் ஊரின் ஏரியில் முன்பு ஒரு படகு இருந்தது. சந்தன வேம்புப் பலகைகளை மெல்லிசாக இழைத்து, செம்பு ஆணி அடித்து, விளிம்புக்கு ஈட்டி மரம் வைத்துச் செய்த ஒல்லிப் படகு. தேவநேசன் தன் கல்யாணத்துக்கென்றே சொல்லிச் செய்யவைத்தது. கூடவே வேங்கை மரத்தில் இரண்டு துடுப்புகள். பெரியது அவருக்கு, சின்னது அவர் மனைவி சுகிர்தாவுக்கு.

பனி விலகாத காலைகளில் இருவரும் அதில் போவார்கள். பேச்சு குறைவு. துடுப்பு நீரில் இறங்கும் சத்தமும் நாமக்கோழிகள் நீர்மேல் சிறகடித்துச் சிதறி ஓடும் சத்தமும்தான் கேட்கும்.

தேவநேசன் இறந்த வருடம் சுகிர்தா படகைக் கரையேற்றிவிட்டாள். அதன்மேல் இனி ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நினைத்தாள். வீட்டுக் கூடத்தில், கணப்படுப்புக்கு எதிரே, சங்கிலி போட்டுத் தொங்கவிட்டாள். துடுப்புகளைச் சுவரில் மாட்டினாள். வருடாவருடம் வார்னிஷ் பூசினாள்.

வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். படகுக்கு அது பிடித்திருந்தது.

"ஏரியில் இருந்தபோது என்னை யார் இப்படிப் பார்த்தார்கள்?" என்றது.

"பாசி பார்த்தது" என்றது பெரிய துடுப்பு.

சின்னத் துடுப்பு சிரிக்கவில்லை. "எனக்கு அந்தக் குளிர்தான் ஞாபகம் வருகிறது. முதல் தடவை உள்ளே இறங்கும்போது உடம்பே சிலிர்க்கும்."

"எனக்கும் வராமலா இருக்கிறது?" என்றது படகு மெதுவாக. "ஆனால் நான் பத்திரமாக இருந்தால்தானே அவரோடு இருந்த காலமும் பத்திரமாக இருக்கும்?"

கணப்பு எரிந்துகொண்டே இருந்தது. குளிர்காலங்களில் படகின் உடம்பில் எங்கோ மெல்லிய விரிசல் சத்தம் கேட்கும். துடுப்புகள் என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

ஏரிக்கரையில் புதிதாக ஓட்டல் கட்டிய செம்பியன் ஒருநாள் வந்தார்.

"இதை எனக்குக் குடுத்திருங்கம்மா. குறுக்க அறுத்து, நிமித்தி வச்சு, தட்டு அடிச்சா அருமையான புத்தக அலமாரி. சார் பேரையும் எழுதி வச்சிடறேன்."

சுகிர்தா துடைக்கும் துணியை மடித்து வைத்தாள். "எனக்கப்புறம் இதை யாரு தொடைக்கப் போறா? எடுத்துக்குங்க, தம்பி. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை தண்ணியில போட்டுப் பாத்துடறேன்."

ஆட்கள் வந்து படகையும் துடுப்புகளையும் ஏரிக்குச் சுமந்துபோனார்கள். நீரில் வைத்ததுதான் தாமதம், பலகை இடுக்குகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பீறிட்டது.

"பாத்தீங்களா, இது இனிமே படகு இல்லம்மா" என்றார் செம்பியன், வருத்தமாகவே. "நல்லவேளை, அலமாரிக்கு ஓட்டை இருந்தா பரவாயில்ல."

"நான் சாகிறேன்" என்று முனகியது படகு.

"சாகவில்லை. குடிக்கிறாய்" என்றது பெரிய துடுப்பு. "கோடை முடிந்ததும் தேவநேசன் உன்னைக் கல்லேற்றி முழுக வைப்பாரே, மறந்துவிட்டாயா? பலகை ஊறி உப்பினால்தான் இடுக்கு மூடும்."

"அப்போது அவர் இருந்தார். இப்போது கல்லேற்ற யார் இருக்கிறார்கள்?"

சுகிர்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க? அது முழுகுதே."

"முழுகட்டும், தம்பி. அவங்களும் இப்படித்தான் செய்வாங்க."

படகு ஏரியின் அடியில் கிடந்தது. முதலில் இருட்டும் பயமும். பிறகு பழைய குளிர் ஒவ்வொரு பலகையாக ஏறியது. பலகைகள் மெல்ல உப்பி ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. கூடத்தில் தொங்கிய நாளெல்லாம் தன் பலகைகள் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன என்று படகுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து சுகிர்தா ஆட்களோடு வந்து கற்களை எடுத்து, தண்ணீரை இறைத்தாள். படகு மிதந்தது. இடுக்குகள் கசியவில்லை. அறுக்க ஆள் கூட்டிவந்த செம்பியனிடம் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க, தம்பி. இது அலமாரிக்கு ஆகாது. தண்ணி குடிச்சிருச்சு."

மறுநாள் காலை தனியாக வந்தாள். வழக்கம்போல் முன்பலகையில் உட்கார்ந்து சின்னத் துடுப்பைப் போட்டாள். பின்பக்கம் தூக்கிக்கொண்டு படகு சுற்றியது.

"அவர் இடம் காலியாக இருக்கிறது. நான் எப்படி நேராகப் போவேன்?" என்றது படகு.

சுகிர்தா சின்னத் துடுப்பை அங்கேயே வைத்துவிட்டு, குனிந்து நகர்ந்து, தேவநேசனின் பலகையில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. பெரிய துடுப்பை எடுத்துப் போட்டாள். படகு தடுமாறி, நேரானது.

நடு ஏரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். எங்கும் பனி. கண்ணுக்கு நேரே முன்பலகை மட்டும் தெரிந்தது.

"ஏரி ரொம்ப அழகு என்று தினமும் சொல்வாரே. இங்கிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?" என்று கேட்டது சின்னத் துடுப்பு.

"அவர் ஏரியைப் பார்த்ததே இல்லை" என்றது பெரிய துடுப்பு.

சுகிர்தா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த தன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.